பேசி முடித்தாயிற்று

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். அங்கே பக்கத்தில் தாத்தா இருந்து, என்னடா அது என்று கேட்டாலும் காட்டாதீர்கள். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைக்கு வந்த காகிதத்தை யார் கண்ணிலும் படாமல் வைத்திருப்பதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று வியாழக்கிழமைதான் தெரிந்துகொண்டேன்.

இயற்பியல் புத்தகத்தை நிமிர்த்தி வைத்து அதன் மறைவில் எழுதுகிறேன். கூடத்தில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை, வளையல் சத்தம் கேட்கிறது. நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நம் பள்ளிக்கூடத்தில் விசாரணை. கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருகிறார். நான் போய்ப் பேச வேண்டும். பயமாக இருக்கிறது என்று உங்களிடம்தான் சொல்ல முடிகிறது. ஆனால் உங்கள் மேல்தான் கோபமும்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. பள்ளி ஆபீஸில் உங்கள் கிளார்க் நாற்காலியில் இப்போது அம்மா உட்காருகிறாள். வாரிசு வேலை. நிரந்தர உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை. தாளாளர் மேஜையில் ஒரு கையெழுத்துக்காகக் கிடக்கிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு. போவதற்கு இரண்டு மாதம் முன்னால் நீங்களே சேர்த்துவிட்ட சயின்ஸ் குரூப். "ஆபீஸ் பொண்ணும்மா நீ, உன்கிட்ட யாரும் வாலாட்ட மாட்டாங்க" என்றீர்கள். அன்று எனக்கு அது பெருமையாக இருந்தது. வாலாட்டுகிறவர் யார் என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னீர்களா?

தணிகாசலம் சாரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? வேதியியல் வாத்தியார். ஒரு பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் மலையைச் சுற்றுகிறவர். அடி அண்ணாமலையில் நம் பள்ளிப் பிள்ளைகளை வைத்துத் தண்ணீர்ப் பந்தல் நடத்துகிறவர். காலைப் பிரார்த்தனையில் மைக்கைப் பிடித்தால் "பெண் என்பவள் தெய்வம்" என்று ஆரம்பித்து முதல் மணி அடிக்கிற வரைக்கும் விடமாட்டார். பதினான்கு கிலோமீட்டர் நடந்து அந்த மனிதர் கரைத்தது காலில் இருக்கும் தோலை மட்டும்தான்.

பிராக்டிகல் மதிப்பெண் அவர் கையில். ரெக்கார்டு நோட்டில் அவர் கையெழுத்து இல்லாமல் பரீட்சைக்கு உள்ளே விடமாட்டார்கள். கையெழுத்து வேண்டுமென்றால் ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமுக்குப் போக வேண்டும். ஒவ்வொருத்தியாக. அவர் எப்போது வரச் சொல்கிறாரோ அப்போது.

அங்கே எனக்கு நடந்ததை இதில் எழுதமாட்டேன். நாளைக்கு அந்த அதிகாரியிடம் சொல்வேன், அவர் எழுதிக்கொள்வார். உங்களுக்கு எழுத வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் அதை ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். ஆறு வருடத்துக்கு முன்னால், உங்கள் மேஜையில் உட்கார்ந்து, அப்போது பன்னிரண்டாவது படித்த இந்திராணி அக்காவின் கையெழுத்தில். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன மாதம் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி பிரார்த்தனை முடிந்ததும் வகுப்புக்குப் போகாமல் மைதானத்திலேயே நின்றுவிட்டாள். என்ன என்று கேட்டதற்கு, லேபுக்குப் போகமாட்டேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அங்கே நின்ற எங்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டோம். எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்ததை எல்லோரும் பார்த்துவிட்டோம். அதன் பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது?

ஒன்பது பேர் சேர்ந்து புகார் எழுதினோம். பள்ளி ஆபீஸில் கொடுக்கலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். கிளார்க் மகளுக்குத் தெரியாதா, ஆபீஸில் கொடுக்கிற காகிதம் எங்கே போகும் என்று. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, நேராகக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினோம். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதை ஷாஹிதா தன் குரானுக்குள் வைத்திருக்கிறாள். ஷாஹிதாவை உங்களுக்குத் தெரியும், பிரஸ்காரர் வீட்டுப் பெண், என் பக்கத்தில் உட்காருகிறவள்.

ரெக்கார்டு நோட்டு என்றேன் இல்லையா? பள்ளியை விட்டுப் போகும்போது அக்காக்கள் தங்கள் பழைய ரெக்கார்டை அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள், பார்த்து எழுத. அதுதான் வழக்கம். இந்திராணி அக்காவின் நோட்டு அப்படி ஆறு வருடமாகக் கை மாறி என்னிடம் வந்திருந்தது. பழுப்பு அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி: "கையெழுத்துக்கு ஒண்டியாப் போகாதே." அதன் கீழே வேறொரு பேனாவில் "நானும் அதான் சொல்றேன்." அதற்கும் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. பெரியவர்கள் ஒருவர்கூட வாய் திறக்காத பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அட்டையின் உள்ளே ஒளித்து ஒருவரை ஒருவர் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த அட்டையைச் சாட்சியாகக் கொடுக்கலாம் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஷாஹிதாதான் கண்டுபிடித்தாள். "ஏய், இந்தத் தேதியப் பாரு. இது தீபத்து அன்னிக்கு இல்ல?"

தணிகாசலம் சார் பச்சை மையில் கையெழுத்துப் போட்டால் கீழே தேதி போடாமல் விடமாட்டார். "தேதி இல்லாத கையெழுத்து, தலை இல்லாத முண்டம்" என்பார். இந்திராணி அக்காவின் ஒரு பக்கத்தில் அவர் தேதி போட்டிருப்பது கார்த்திகை தீபம் அன்று. ஊரே மலையைப் பார்த்து நின்ற நாளில், பள்ளிக்கு விடுமுறை நாளில், பந்தலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததாக மைக்கில் சொல்கிற நாளில், அவர் ஸ்டோர் ரூமில் உப்பு ஆய்வுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அக்காக்களிடம் கேட்டு ஏழு பழைய நோட்டுகளைச் சேர்த்தோம். ஷாஹிதா வீட்டு பிரஸ்ஸில் அவர்கள் அச்சடித்த பழைய காலண்டர்கள் எல்லாம் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவு, மறுபடி ஞாயிற்றுக்கிழமை. ஊர்த் திருடன்கூடப் போன இடத்தில் தேதி எழுதி வைத்துவிட்டு வரமாட்டான். இந்த மேதை வைத்திருக்கிறார். யார் நம்மைக் கேட்கப்போகிறார்கள் என்று அவ்வளவு நிம்மதி.

அந்த நிம்மதியைக் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர். சாவிப் பதிவேட்டுக்கு அட்டை போட்டுத் தரச் சொல்லி அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். புரட்டினேன். அதே ஞாயிற்றுக்கிழமைகளில் லேப் சாவி வெளியே போயிருக்கிறது. கொடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் முத்து முத்தான கையெழுத்து. லீவு நாளில் லேபுக்கு எதற்குச் சாவி என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

புகார் போனது தெரிந்ததும் பள்ளியிலிருந்து வீடு வீடாக ஆள் அனுப்பினார்கள். ஜாதகம் எடுக்க வேண்டாமா, தங்கச்சி இருக்கிறாள் இல்லையா, ஜாஸ்தி பேசுகிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்றார்கள். ஒன்பது பேர் மூன்று பேராகிவிட்டோம். பின்வாங்கிய பெண்களின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களின் அப்பாக்களை நினைத்தால்தான் காறித் துப்பலாம் போலிருக்கிறது. தெருமுனையில் எவனாவது மகளை முறைத்துப் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போகிற வீரர்கள், சார் என்றதும் வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிடுகிறார்கள். ஷாஹிதா மட்டும் சிரிக்கிறாள். "மூணும் ரெண்டாயிட்டா நல்லதுதான்டி, ஒரே சைக்கிள்ல போயிடலாம்" என்கிறாள்.

வியாழக்கிழமை சாயந்திரம் தலைமையாசிரியை நம் வீட்டுக்கு வந்தார். பே கோபுரத் தெருவில் இத்தனை வருடமாக இருக்கிறோம், நீங்கள் செத்ததற்குக்கூட வராதவர். அம்மா கொடுத்த காபியைக் கையால் தொடவில்லை.

"பாரும்மா, இத்தினி வருஷத்துல இந்த ஸ்கூல்ல ஒரு கம்ப்ளைண்ட் வந்ததில்ல. அதிகாரி கேட்டா நான் அதத்தான் சொல்லப்போறேன். உன் பொண்ணு வயசுக் கோளாறுல ஏதோ எழுதிட்டா."

அம்மா தலையை ஆட்டினாள்.

"உன் பர்மனென்ட் ஆர்டர் ரெடியா இருக்கு. ஒரு கையெழுத்துதான். நானே பேசறேன். உன் வீட்டுக்காரர் மட்டும் இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? எவ்வளவு பக்குவமா பேசி முடிப்பாரு." பிறகு எழுந்துகொண்டே, "அவரு பழைய பேப்பர் எதனா வீட்ல வச்சிருக்காரா? ஸ்கூல் சம்பந்தமா? இருந்தா குடுத்துடும்மா" என்றார்.

புகாரே வராத பள்ளிக்கூடத்துக்குப் பழைய பேப்பர் எதற்கு? அவர் போன பிறகு உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். சேமநிதிக் காகிதங்களுக்கு நடுவில், நான்காக மடித்து, இந்திராணி அக்காவின் கடிதம். இரண்டு பக்கம். தபால் பதிவு எண் கிடையாது, முத்திரை கிடையாது. ஓரத்தில் உங்கள் பென்சில்: "பேசி முடித்தாயிற்று."

யாரிடம் பேசினீர்கள் அப்பா? என்ன முடிந்தது? பேனா சட்டையில் இருந்தும் பென்சிலில் எழுதினீர்களே, பிறகு அழித்துவிடலாம் என்றா?

கடிதத்தை நாளைக்கு அதிகாரியிடம் கொடுத்தால் தலைமையாசிரியையின் பேச்சு அங்கேயே செத்துப்போகும். ஆனால் அது என் கடிதம் இல்லை. இந்திராணி அக்காவுடையது. அவளைக் கேட்காமல் ஊருக்குக் காட்டினால் நானும் அவர்களைப் போலத்தானே? சனிக்கிழமை ஷாஹிதாவும் நானும் பஸ் ஏறி கீழ்பென்னாத்தூர் போனோம். அங்கே அவள் தையல் கடை வைத்திருக்கிறாள் என்று ரெக்கார்டு கொடுத்த அக்கா ஒருத்தி சொல்லியிருந்தாள்.

கழுத்தில் டேப்போடு மெஷினில் உட்கார்ந்திருந்தாள். "இன்னாம்மா, பிளவுஸா சுடிதாரா?"

"தைக்க வரலக்கா. நான் ஆபீஸ் கிளார்க் சாமிநாதன் பொண்ணு, தேன்மொழி."

மெஷின் நின்றது. "இன்னா, உங்கப்பா அனுப்பினாரா?"

"அப்பா செத்துட்டாருக்கா."

"தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். சேதி வந்துது. நான் வரல."

கடிதத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் கேட்க வேண்டும்.

"நான் இத குடுத்தப்ப உங்கப்பா ஒக்கார வச்சு தண்ணி குடுத்தாரு. 'நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா, நான் பாத்துக்கறேன்'னாரு. நல்லாப் பாத்துக்கினாரு. மறுநாளு எங்கப்பாவ வரச்சொல்லி டி.சி. குடுத்துட்டாங்க. பரிட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கு. டி.சி. எழுதினது யாரு தெரியுமா? உங்கப்பாதான். நடத்தைங்கற எடத்துல 'நன்று'னு போட்டிருந்தாரு. அந்த வரைக்கும் புண்ணியம்."

ஷாஹிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிச்சிடுங்கக்கா என்றேன்.

"நீ எதுக்குக் கேக்கற? நீயா டி.சி. எழுதின?" என்று அதட்டினாள். பிறகு குரலைக் குறைத்து, "உனக்குமா?" என்று கேட்டாள். நான் தலையை அசைத்தேன். அவள் எழுந்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, எனக்கும் தண்ணீர்தான் கொடுத்தாள். ஆனால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லாத முதல் பெரியவர் அவள்தான் அப்பா. "எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"பத்து மணிக்குக்கா. உங்க பேர மறைச்சிட்டு ஜெராக்ஸ் குடுக்கலாம்னு..."

"எதுக்கு மறைக்கணும்? என் பேர எழுதி நான்தான் குடுத்தேன். மறைச்சது வேற ஆளுங்க. நானே எடுத்துக்கினு வரேன்."

கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு வருடம் கழித்து உங்கள் மேஜையிலிருந்து ஒரு தபால் உரியவர் கைக்குப் போயிருக்கிறது.

இன்று சாயந்திரம் அடுப்பை ஏற்றிவிட்டு அம்மா கேட்டாள். "பொட்டியில இருந்தத எடுத்தியே, அத குடு. கொளுத்திடறேன்."

"உனக்குத் தெரியுமாம்மா?"

"அவரு அத கொண்டாந்த அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. இன்னா ஏதுன்னு கேட்டேன். கம்முனு இருன்னாரு. படிச்சுப் பாத்தேன்." அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பவும் கம்முனு இருந்தேன். என்னைய இன்னா பண்ணச் சொல்ற? நாளைக்கு வேல போச்சுன்னா ரெண்டு பேரும் கோயில் வாசல்ல ஒக்காரலாமா?"

"அது இங்க இல்லம்மா. யாருதோ அவங்ககிட்ட குடுத்துட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

ஒரு வேளைச் சோறு. இந்திராணி அக்காவுக்கும், அவளுக்குப் பிறகு அந்த அட்டையில் எழுதிவிட்டுப் போன அத்தனை பேருக்கும், எனக்கும் சேர்த்து நீங்கள் விட்டுக்கொடுத்தது ஒரு வேளைச் சோறு. மறுநாள் காலையில் வழக்கம்போல வடகறி கேட்டிருப்பீர்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. என் புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டு, மூலையை நகத்தால் நீவி, பெயர் எழுதிக் கொடுத்தீர்கள். மழை பெய்தால் என் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நீங்கள் நனைந்தீர்கள். நல்ல அப்பா நீங்கள். நீங்கள் ஒரு கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

தணிகாசலத்தை வெறுப்பது சுலபம். பிரார்த்தனையில் இனி அவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், பச்சை மை ஞாபகத்துக்கு வரும். தலைமையாசிரியையும் தாளாளரும் எனக்கு மனிதர்களாகவே தெரியவில்லை, இரண்டு ரப்பர் ஸ்டாம்புகள். உங்களை என்ன செய்வது? படத்துக்கு மாலை போட்டு மாட்டியிருக்கிறோம். அந்தப் படத்தைக் கழற்றவும் மனசு வரவில்லை, கும்பிடவும் வரவில்லை. மூன்று நாளாக அதற்குக் கீழே தலைகுனிந்து நடக்கிறேன். தலைகுனிய வேண்டியவர் நீங்கள் என்று தோன்றினாலும் அப்படித்தான் நடக்கிறேன்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு அந்த அதிகாரி, இதற்கு முன் புகார் வந்ததா என்று கேட்பார். வந்தது என்பேன். யாரிடம் என்பார். ஆபீஸில் என்று மழுப்பமாட்டேன். என் அப்பா சாமிநாதனிடம் என்பேன். அவர் என்ன செய்தார் என்று கேட்டால், ஓரத்தில் இருப்பதைப் படித்துக் காட்டுவேன். அப்புறம் எனக்கு நடந்ததைச் சொல்வேன். அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்வேன், நிறுத்தமாட்டேன். வெளியே வந்ததும் ஊர் உங்களைப் பற்றி என்ன பேசினாலும் அதையும் நின்று கேட்டுக்கொள்வேன். ஒரு மகளாக உங்களுக்கு நான் செய்யக்கூடியது இவ்வளவுதான். நீங்கள் செய்யாததை உங்கள் பெயரைச் சொல்லியே செய்கிறேன்.

இப்படிக்கு,
நாளைக்கும் உங்கள் பெயரின் முதலெழுத்தோடுதான் கையெழுத்துப் போடப்போகும் உங்கள் ஒரே மகள்,
சா. தேன்மொழி

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். இந்நேரத்துக்கு நம் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. "ஏம்மா, நான்தான், எச்.எம். ஒரு நிமிஷம் தொற. அந்தப் பேப்பர மட்டும் வாங்கிட்டுப் போயிடறேன்." பின்னால் ஆண் குரல் ஒன்று இருமுகிறது. அந்த இருமல் எனக்குத் தெரியும், ஸ்டோர் ரூமில் கேட்டது.

அம்மா எழுந்துவிட்டாள். கதவுக்குப் போகிறாள். தாழ்ப்பாளின் சத்தம். திறக்கவில்லை அப்பா, மேல் தாழ்ப்பாளையும் போடுகிறாள். "காலைல பத்து மணிக்கு அங்கயே வந்து பேசறோம் டீச்சர். நீங்க போங்க."

போகவில்லை. இப்போது பலமாகத் தட்டுகிறார்கள். அம்மா அங்கே தனியாக நிற்கிறாள், நான் போய்ப் பக்கத்தில்